ஒரு புதினம், பல திரைகள்

நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஓர் அறிவியல் புதினத்தை ஒருவர் மீண்டும் திரைப்படமாக்க முனையும்போது, "ஏற்கெனவே வந்த படம்தானே, மறுபடியும் எதற்கு?" என்ற கேள்வி எழுவது இயல்பு. கதை தெரிந்தது, முடிவும் தெரிந்தது. ஆயினும், சில புதினங்கள் தலைமுறைக்கு ஒரு முறை திரைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்' அவற்றுள் ஒன்று. 1898ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த இப்புதினம், வானொலி நாடகமாகவும் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் பல முறை உருவெடுத்துள்ளது. ஒவ்வொரு முறையும் அதைப் படைத்தவர்கள் எதை மாற்றினார்கள், எதை மாற்றாமல் காத்தார்கள் என்று பார்த்தால், பழைய கதை புதிய படமாகும் வழி புலப்படும். அதே கதையை நெகிரி செம்பிலான் மாநிலத்தின் மந்தின் வட்டாரத்தில் படமாக்கினால் எவ்வாறு அமையும் என்பதையும் அதைக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

புதினம் பிறந்த கதை

வெல்ஸ் 1866ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் எளிய கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். உதவித்தொகை பெற்று இலண்டனில் அறிவியல் பயின்றார். அவருக்கு உயிரியல் கற்பித்தவர், டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி. உயிர்கள் பிழைப்பதற்காக நடத்தும் போராட்டத்தை வகுப்பறையில் கற்ற அந்த மாணவர், பின்னாளில் அதையே கதையாக எழுதினார்.

அக்காலத்தில் செவ்வாய்க் கோள் மக்களின் ஆர்வத்தைத் தூண்டியிருந்தது. 1877ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலாளர் சியாபரெல்லி, செவ்வாயின் மேற்பரப்பில் நீண்ட கோடுகள் தெரிவதாக அறிவித்தார். அவை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் 1895ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அக்கோடுகள் கண்ணின் மயக்கமே என்பது பின்னர்த்தான் உறுதியாயிற்று. எனினும், கதைக்கு வேண்டிய பொறி அதற்குள் கிடைத்துவிட்டது.

மற்றொரு பொறி வெல்ஸின் அண்ணன் பிராங்கிடமிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியத் தீவில் ஐரோப்பியர் குடியேறியபோது அங்கிருந்த பழங்குடி மக்கள் அழிக்கப்பட்டதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தனர். வேற்றுக் கோளிலிருந்து யாரேனும் வந்து நமக்கு அவ்வாறே செய்தால் என்னாகும் என்ற எண்ணம் அப்பேச்சில் பிறந்தது. அப்போது உலகின் பெரும் பகுதி பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. பிறருக்கு நேர்ந்ததைத் தனக்கு நேர்ந்ததாக எண்ணிப் பார்க்கும்படி, அந்த வல்லரசின் மக்களையே வெல்ஸ் கேட்டார். டாஸ்மேனியப் பழங்குடியினர் முற்றிலும் அழிந்துவிட்டதாக அன்றைய ஐரோப்பியர் நம்பினர். உண்மையில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

கதைக்களத்துக்கு வெல்ஸ் தொலைதூரம் செல்லவில்லை. இலண்டனுக்கு அருகில் தாம் வாழ்ந்த வோக்கிங் என்னும் சிற்றூரையே தேர்ந்தெடுத்தார். மிதிவண்டியில் சுற்றித் திரிந்து, செவ்வாய்வாசிகள் எந்தெந்த இடங்களை அழிக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். படித்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த தெருவும் திடலும் பற்றி எரிவதைக் கண்டு நடுங்கினர்.

கதைச் சுருக்கம்

விண்ணிலிருந்து உருளை ஒன்று திடலில் வந்து விழுகிறது. மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடுகிறார்கள். உருளைக்குள்ளிருந்து வெளிப்பட்ட செவ்வாய்வாசிகள் வெப்பக் கதிரைப் பாய்ச்சி அவர்களைச் சாம்பலாக்குகின்றனர். மூன்று கால்களில் நடக்கும் இராட்சத இயந்திரங்கள் ஊர் ஊராக அழித்துக்கொண்டு இலண்டனை நோக்கிச் செல்கின்றன. பீரங்கிகளால் அவற்றைத் தடுக்க இயலவில்லை. இலட்சக்கணக்கானோர் அகதிகளாகின்றனர். சிவப்பு நிறக் களை ஆறுகளையும் வயல்களையும் மூடுகிறது. மனித இனம் முடிந்தது என்று எண்ணும் வேளையில், செவ்வாய்வாசிகள் ஒருவர் பின் ஒருவராக மடிகின்றனர். புவியின் நுண்ணுயிரிகளை எதிர்க்கும் ஆற்றல் அவர்கள் உடலில் இல்லை. சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்பார்கள். இங்கோ கண்ணுக்குத் தெரியாத கிருமியே உலகைக் காக்கிறது.

வானொலியில் வந்த செவ்வாய்வாசிகள்

1938ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் இப்புதினம் நாடகமாக ஒலியேறியது. அதை வழங்கியவர் 23 வயதே ஆன ஆர்சன் வெல்ஸ். பெயர் ஒத்திருந்தாலும் இருவரும் உறவினர் அல்லர். எழுத்தாளர் ஹோவர்ட் கோச் கதையை இங்கிலாந்திலிருந்து நியூ ஜெர்சி மாநிலத்தின் குரோவர்ஸ் மில் என்னும் சிற்றூருக்கு மாற்றினார். காலத்தையும் அன்றைய நாளுக்குக் கொண்டுவந்தார்.

அவர்கள் செய்த பெரிய மாற்றம் வடிவத்தில்தான் இருந்தது. நாடகம் நடன இசையுடன் தொடங்கும், இடையே அவசரச் செய்தி குறுக்கிடும், மீண்டும் இசை, மீண்டும் செய்தி. அதற்கு முந்திய மாதம்தான் ஐரோப்பாவில் போர் மூளும் நிலை ஏற்பட்டு, அமெரிக்க வானொலிகள் இவ்வாறே நிகழ்ச்சிகளை நிறுத்திச் செய்தி அறிவித்து வந்தன. எனவே, நேயர்களுள் ஒரு பகுதியினர் நாடகத்தை உண்மையென்றே நம்பி அஞ்சினர். நாடே பீதியில் ஓடியதாக மறுநாள் செய்தித்தாள்கள் எழுதியது மிகை என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

ஆனால், 1949ஆம் ஆண்டு ஈக்குவடோர் நாட்டின் கீட்டோ நகரில் நடந்தது மிகையன்று. அங்குள்ள வானொலி நிலையம் இக்கதையைத் தன் ஊரில் நிகழ்வதாக ஒலிபரப்பியது. உண்மையென நம்பி வீதிக்கு வந்த மக்கள், அது நாடகம் என்று தெரிந்ததும் சினங்கொண்டு நிலையத்துக்குத் தீ வைத்தனர். அதில் உயிர்கள் பலியாயின. பழைய கதையைச் சொந்த ஊருக்குக் கொண்டுவருவதில் எவ்வளவு ஆற்றல் உண்டோ, அவ்வளவு பொறுப்பும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

அணுகுண்டுக் காலத்துப் படம்

இப்புதினத்தைத் திரைக்குக் கொண்டுவரப் பலர் முயன்றனர். பொம்மைகளை அசைத்துப் படமெடுப்பதில் வல்லவரான ரே ஹேரிஹவுசன், உருளையிலிருந்து செவ்வாய்வாசி வெளிவரும் காட்சியைச் சோதனையாகப் படமாக்கியும் முதலீட்டாளர் கிடைக்கவில்லை. 1953ஆம் ஆண்டில்தான் ஜார்ஜ் பால் தயாரிப்பில், பைரன் ஹாஸ்கின் இயக்கத்தில், பாரமவுண்ட் நிறுவனத்தின் வண்ணப் படம் வெளிவந்தது.

கதை இப்போது கலிபோர்னியாவுக்கு வந்தது. நாயகன் ஓர் அறிவியலாளன் ஆனான். மூன்று கால் இயந்திரத்தை நடக்க வைப்பது அன்றைய தொழில்நுட்பத்தில் கடினமாக இருந்ததால், கலை இயக்குநர் ஆல்பர்ட் நொசாகி அதற்குப் புதிய உருவம் கொடுத்தார். திருக்கை மீனைப் போன்ற உடல், நாகத்தின் கழுத்தைப் போல் நிமிரும் கதிர்க்கருவி என அமைந்த செம்பு நிற மாதிரிகள், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பிகளில் தொங்கவிடப்பட்டுப் படமாக்கப்பட்டன. மின்கித்தாரின் ஒலியைப் பின்னோக்கி ஓட்டி வெப்பக் கதிரின் ஓசையை உருவாக்கினர். தடையாக வந்த தொழில்நுட்பக் குறைபாடு புதிய அழகாக மாறிற்று. சிறப்புத் தோற்றங்களுக்கான ஆஸ்கார் விருதை அப்படம் வென்றது.

புதினத்தில் இல்லாத ஒரு காட்சியும் அதில் இடம்பெற்றது. அமெரிக்க விமானம் செவ்வாய்வாசிகள் மீது அணுகுண்டை வீசுகிறது. புகை விலகியதும் இயந்திரங்கள் கீறலின்றி நகர்ந்து வருகின்றன. ஹிரோஷிமா அழிந்து எட்டு ஆண்டுகளும், சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்து நான்கு ஆண்டுகளும் கடந்திருந்த காலம் அது. தங்களிடமிருந்த மிகப் பெரிய ஆயுதமும் தங்களைக் காக்காது என்ற அச்சம் மக்களிடையே இருந்தது. படக்குழுவினர் அந்த அச்சத்தைத் திரையில் காட்டினர்.

தந்தையின் கண் வழியே

2005ஆம் ஆண்டில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படம் மீண்டும் நியூ ஜெர்சிக்கு வந்தது. நாயகன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் தொழிலாளி. தன் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்ற அவன் ஓடுவதே கதை. தளபதிகளின் ஆலோசனை அறையோ அதிபரின் மாளிகையோ படத்தில் இல்லை. அந்தத் தந்தை எதைக் காண்கிறானோ அதை மட்டுமே பார்ப்பவரும் காண்பர்.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டதை அந்நாட்டு மக்கள் மறந்திருக்கவில்லை. நாயகன் சாம்பல் படிந்த முகத்துடன் வீடு திரும்பும் காட்சியும், காணாமற்போனோரின் படங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் காட்சியும் அந்நாளை நினைவூட்டின. இயந்திரங்களும் விண்ணிலிருந்து வரவில்லை. நெடுங்காலமாக மக்களின் காலடியிலேயே புதைந்து கிடந்து எழுகின்றன. பயன்பாட்டில் இல்லாத உண்மையான போயிங் 747 விமானம் ஒன்றை வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, விமான விபத்துக் களத்தை அமைத்தனர். கணினிக் காட்சிகள் எவ்வளவு வளர்ந்திருந்தாலும், நடிகர்கள் தொட்டு நடக்கும் உண்மைப் பொருளுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை அது உணர்த்துகிறது.

2019ஆம் ஆண்டில் பி.பி.சி. மூன்று பகுதிகளாக எடுத்த தொலைக்காட்சித் தொடர், கதையை மீண்டும் பழைய இங்கிலாந்துக்கே கொண்டுசென்றது. புதினத்தில் பெரும்பாலும் கணவனின் நினைவில் மட்டும் வரும் மனைவி, இத்தொடரில் முதன்மைப் பாத்திரமானார்.

இவற்றை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெரியவரும். ஊர் மாறியது, நாயகனின் தொழில் மாறியது, இயந்திரத்தின் வடிவமும் மாறியது. ஆனால், வலிமை மிக்கோர் ஒரு நாள் எளியோராகி நிற்பதும், ஆயுதம் தோற்று நுண்ணுயிரி வெல்வதும் மாறவில்லை. அவற்றை எடுத்துவிட்டால் அது வேறு கதையாகிவிடும்.

தமிழ்த் திரையில் அறிவியல் கற்பனை

தமிழ்த் திரையுலகுக்கும் இத்துறை புதிதன்று. 1963ஆம் ஆண்டிலேயே அ.காசிலிங்கம் இயக்கத்தில், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. வேற்றுக் கோளினர் புவிக்கு வந்து, கலையைத் தம் மக்களுக்குக் கற்பிப்பதற்காக ஒரு பாடகியைக் கடத்திச் செல்வதாக அக்கதை அமைந்தது. வெல்ஸின் செவ்வாய்வாசிகள் குருதியைத் தேடி வந்தார்கள். தமிழ்ப் படத்தில் வந்தவர்கள் இசையைத் தேடி வந்தார்கள். அயல் உலகைக் கற்பனை செய்யும்போதும் ஒவ்வொரு சமூகமும் தன் உள்ளத்தையே காட்டுகிறது.

இத்தகைய படங்களுக்குப் பொறுமை பெரிதும் தேவை. இயக்குநர் ஷங்கர் 2001ஆம் ஆண்டு வாக்கில் வேறு நடிகர்களுடன் தொடங்க எண்ணிய இயந்திர மனிதனின் கதை, பல தடைகளைத் தாண்டி, 2010ஆம் ஆண்டில் ரஜினிகாந்த் நடிப்பில் 'எந்திரன்' என்னும் பெயரில் வெளிவந்தது. அதற்கு உரையாடல் எழுதிய எழுத்தாளர் சுஜாதா 2008ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அப்படத்தின் கலை வடிவமைப்பும் சிறப்புத் தோற்றங்களும் இந்தியத் தேசிய விருது பெற்றன. ரவிக்குமார் இயக்கிய வேற்றுக்கோள்வாசியின் கதையான 'அயலான்', படப்பிடிப்புத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து 2024ஆம் ஆண்டு ஜனவரியில் திரைகண்டது.

சுஜாதா 1980களில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா', தமிழின் புகழ்பெற்ற அறிவியல் புதினங்களுள் ஒன்று. ஜீனோ என்னும் இயந்திர நாய் வரும் இக்கதை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அவர் எதிர்காலமாகக் கற்பனை செய்த 2020கள் இப்போது நிகழ்காலமாகிவிட்டன. இன்று அதைப் படமாக்குபவர், ஆண்டை மாற்றுவதா, 'அன்று கண்ட எதிர்காலம்' என்றே காட்டுவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இது பழைய அறிவியல் புதினத்தைத் தொடும் எவருக்கும் எழும் சிக்கலாகும்.

கதை மந்தினுக்கு வந்தால்

கோலாலம்பூரிலிருந்து காஜாங், செமினி வழியாகச் சிரம்பானுக்குச் செல்லும் பழைய சாலையில் மந்தின் அமைந்துள்ளது. ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த இச்சிறு நகரைச் சுற்றிப் பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. இன்று பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் உள்ளன. வெல்ஸின் கதையை இங்கே படமாக்க விரும்பும் குழு, ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கும்.

முதலாவது, கதை எந்தக் காலத்தில் நிகழ வேண்டும் என்பது. வெல்ஸ் தம் புதினத்தை எழுதிய ஆண்டுகளிலேயே இந்நாட்டின் வரலாறும் திரும்பியது. 1896ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலான் உட்பட நான்கு மாநிலங்கள் பிரிட்டிஷ் மேற்பார்வையில் ஒரு கூட்டமைப்பாயின. அதே ஆண்டில் மலாக்காவில் டான் சாய் யான் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழர்கள் கப்பலேறி வந்தனர். வல்லரசின் மக்களுக்கு வெல்ஸ் விடுத்த கேள்வி, அந்த வல்லரசின் தோட்டத்தில் மங்கு ஏந்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வேறு பொருள் தரும்.

1941ஆம் ஆண்டு டிசம்பரையும் கதையின் காலமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஜப்பானியப் படை அப்போதுதான் மலாயாவில் இறங்கியது. எவராலும் வெல்ல முடியாதவர்கள் என்று கருதப்பட்ட துரைமார்கள் தோட்டங்களைக் கைவிட்டுச் சென்றனர். பின்னர்த் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே மாண்டனர். பெரியதொரு படையெடுப்பில் எளிய மனிதன் படும் பாட்டை இம்மண்ணின் மூத்தோர் தம் வாழ்விலேயே கண்டவர்கள். ஆதலால், செவ்வாய்வாசிகளைக் கொண்டு அந்த வரலாற்றைத் தொடும் இயக்குநர், வெறும் வேடிக்கைக்காக அதைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, யாருடைய கண்ணால் கதை காட்டப்படும் என்பது. வெல்ஸ் ஓர் எழுத்தாளரையும், ஸ்பீல்பெர்க் ஒரு துறைமுகத் தொழிலாளியையும் தேர்ந்தெடுத்தனர். மந்தினில், பால்வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டியும் இடைநிலைப் பள்ளியில் பயிலும் அவர் பேத்தியும் அக்கண்களாக அமையலாம். பாட்டிக்குத் தோட்டத்தின் ஒவ்வொரு நிரையும் இருளிலும் தெரியும். பேத்திக்குத் திறன்பேசியில் வரும் செய்தியைச் சரிபார்க்கத் தெரியும். தப்பிப் பிழைக்க இருவர் அறிவும் தேவைப்படும்.

மூன்றாவது, இயந்திரத்தை எவ்வாறு காட்டுவது என்பது. புதினத்தில் அதன் உயரம் ஏறக்குறைய 100 அடி. அது பால்மரக் காட்டில் நடந்தால், அதன் தலை மரங்களின் உச்சிக்கு மேலே இருக்கும். மரத்தடியில் நிற்பவருக்கு, நிரைகளுக்கிடையே இறங்கி எழும் மூன்று கால்கள் மட்டுமே தெரியும். உடைந்து விழும் கிளைகளும், சரிந்து கொட்டும் பாலும், விடியற்கருக்கலில் ஒவ்வொன்றாக அணையும் பால்வெட்டுவோரின் தலைவிளக்குகளும் மீதியைச் சொல்லிவிடும். முழு இயந்திரத்தையும் கணினியில் உருவாக்க ஆகும் செலவும் குறையும். 1953ஆம் ஆண்டுப் படக்குழுவைப் போல, குறைந்த வசதியையே அழகாக மாற்றும் வழி இது.

நான்காவது, மொழியும் ஒலியும். மந்தினில் மலாய், சீனம், தமிழ் ஆகிய மூன்றும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும். அவசர வேளையில் மக்கள் எம்மொழியில் கத்துகிறார்கள், யார் யாருக்கு மொழிபெயர்க்கிறார்கள் என்பதே ஒரு காட்சியாகும். 1938ஆம் ஆண்டில் வானொலி செய்த வேலையை இன்று புலனக் குழுக்கள் செய்கின்றன. "செமினியில் பார்த்தார்களாம்", "நீலாய்ப் பக்கம் சாலையை மூடிவிட்டார்களாம்" என்று ஒரே நேரத்தில் பத்துச் செய்திகள் வரும். எது மெய், எது பொய் என்று தெரியாமல் மக்கள் திகைப்பதைக் காட்டினால், ஆர்சன் வெல்ஸ் செய்ததை இக்காலத்துக்கு ஏற்பச் செய்ததாகும்.

ஐந்தாவது, முடிவு. கிருமி உலகைக் காத்தது என்ற வெல்ஸின் முடிவை நெகிரி செம்பிலான் மக்கள் அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். தொடக்க காலத்தில் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் பலரை மலேரியா பலிகொண்டது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பரவிய நிப்பா நச்சுயிரி, இம்மாநிலத்தின் சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரையே தாங்கியுள்ளது. அந்நோயால் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோவிட் பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடே வீட்டுக்குள் முடங்கியது. இவற்றைக் கண்டவர்களுக்குக் கிருமி வெறும் மீட்பராகத் தோன்றாது. வெல்ஸும் இதை அறிந்தே எழுதினார். எண்ணற்ற தலைமுறைகளின் மரணத்தை விலையாகக் கொடுத்தே மனித உடல் நோயை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றது என்பது அவருடைய கருத்து. மந்தினில் எடுக்கும் படம் இக்கருத்தை முன்னிறுத்தினால், பழைய முடிவு மாறாமலேயே புதிய ஆழம் பெறும். இறந்துபோன முன்னோரே பேத்தியைக் காத்தார்கள் என்ற உணர்வுடன் படம் முடியும்.

உரிமையும் கடமையும்

ஒரு நூலைப் படமாக்குமுன் அதன் பதிப்புரிமை யாருடையது என்பதை அறிய வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அவருடைய படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. வெல்ஸ் 1946ஆம் ஆண்டில் மறைந்தார். ஆகவே, இங்கே அவருடைய புதினம் 1996ஆம் ஆண்டு இறுதியுடன் பொதுச்சொத்தாயிற்று. பிரிட்டனில் இக்கால அளவு 70 ஆண்டுகள் என்பதால், அங்கே அது 2016ஆம் ஆண்டின் இறுதியில்தான் முடிவுற்றது.

எனவே, மலேசிய மாணவர்கள் புதினத்தின் கதையைத் தாராளமாகக் கையாளலாம். ஆனால், அண்மைக் காலப் படங்களின் இயந்திர வடிவங்கள், இசை, உரையாடல் ஆகியவை அவற்றைப் படைத்தவர்களுக்கே உரியவை. எச்.ஜி.வெல்ஸின் பக்கங்களிலிருந்து நேரடியாகத் தொடங்குவதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும். படப்பிடிப்புக்குமுன் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுவதும், ஊராரை முன்கூட்டியே அறிவுறுத்துவதும் தேவை. கீட்டோ நகரில் நடந்தது மீண்டும் நடக்கக் கூடாது.

நிறைவு

பழைய அறிவியல் புதினம் புதிய படமாவதற்குப் பெரும் பொருளும் உயர்ந்த தொழில்நுட்பமும் உதவும். எனினும், அவை மட்டும் போதா. வோக்கிங், குரோவர்ஸ் மில், கலிபோர்னியா என ஒவ்வோர் ஊரிலும் அக்கதை உயிர்பெற்றதற்குக் காரணம், அந்தந்த ஊரார் உண்மையில் எதற்கு அஞ்சினார்கள் என்பதைப் படைப்பாளர் கேட்டறிந்ததேயாகும். மந்தினுக்கும் அதன் அச்சங்கள் உண்டு. அவற்றைத் தாண்டி வந்த நினைவுகளும் உண்டு. மூத்தோரிடம் சென்று அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வதே அங்கே படமெடுக்க விரும்புவோரின் முதல் வேலை. ஒளிப்பதிவுக் கருவியை அதன் பிறகு எடுத்தால் போதும்.

அருஞ்சொல் விளக்கம்

புதினம் – நாவல்
நுண்ணுயிரி – கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்
மங்கு – பால்மரத்தில் வடியும் பாலைச் சேர்க்கும் கிண்ணம்
நிரை – வரிசையாக நடப்பட்ட மரங்களின் அணி
புலனம் – வாட்ஸ்ஆப்
பொதுச்சொத்து – பதிப்புரிமைக் காலம் முடிந்து அனைவரும் பயன்படுத்தக்கூடிய படைப்பு

கருத்துணர் கேள்விகள்

1. 'உலகங்களின் போர்' புதினம் தோன்றக் காரணமாக அமைந்த இரண்டு பொறிகள் யாவை?
2. 1938ஆம் ஆண்டு வானொலி நாடகத்தைச் சிலர் உண்மையென நம்பியதற்குக் காரணம் என்ன?
3. 1953, 2005 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த படங்கள் அந்தந்தக் காலத்து மக்களின் எந்த அச்சங்களைக் காட்டின? ஒப்பிட்டு விளக்குக.
4. வெல்ஸின் முடிவை நெகிரி செம்பிலான் மக்கள் வேறு விதமாக உணரக்கூடும் என்று கூறப்படுவது ஏன்?
5. உம் ஊரில் இக்கதையைப் படமாக்கினால், எந்தக் காலத்தையும் யாருடைய பார்வையையும் தேர்ந்தெடுப்பீர்? ஊர் மூத்தவர் ஒருவரை நேர்கண்டு, காரணத்துடன் ஒரு பத்தியில் எழுதுக.